செஞ்சது யாருன்னு கேட்ட அக்கா

கழிவு மூட்டைக்குள் தோள்வரை கையை விட்டு ஒரு துணியை உருவிக்கொண்டிருந்தார். அக்காவை நான் முதலில் பார்த்தது அப்படித்தான். திருப்பூரில் எங்கள் கம்பெனியில் கீழ்த்தளம் ஸ்கிரீன் பிரிண்டிங், மேல்தளம் கம்ப்யூட்டர் எம்பிராய்டரி. கீழே இருப்பவர்கள் மேலே வருவதில்லை. எதற்காகவோ வந்தவர், படியோரம் கிடந்த மூட்டையைப் பார்த்து நின்றுவிட்டார்.

உருவிய துணியை விரித்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"இத யாரு செஞ்சது?"

அது நான் செய்தது. அப்போது எனக்கு இருபத்துநாலு வயது. குன்னத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போய்க்கொண்டிருந்தேன். படத்தை ஊசி போகும் பாதையாகக் கம்ப்யூட்டரில் மாற்றிக் கொடுக்கிற வேலை. கரண்ட் போய் வரும்போது மெஷினில் துணியைப் பிடித்திருக்கும் சட்டம் ஒரு நூலளவு நகர்ந்துவிடும். பூவில் பாதி ஓரிடத்திலும் மீதி தள்ளியும் விழும். அப்படிக் கெட்டுப்போன துணிகள் எனக்கு ஏனோ பிடித்துப்போயின. அந்த நகர்வையே வேண்டுமென்று வைத்து, எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டில் நிற்கும் சனங்களைத் துண்டுத்துணியில் அடித்துப் பார்த்திருந்தேன். சூப்பர்வைசர் பார்த்தால் நூலை வீணாக்கினேன் என்று திட்டுவார். அதனால் மூட்டையின் அடியில் திணித்திருந்தேன்.

"கெட்டுப்போன பீஸுங்க்கா. கரண்டு போயி ஷிஃப்ட் ஆயிருச்சு" என்றேன்.

"கரண்டு போனா ஒரு எடத்துல நகரும். இது ஏழு எடத்துல நகந்திருக்கு. ஏழுலயும் ஆளோட கழுத்துல. கரண்டு கழுத்தப் பாத்தா போவும்?"

சூப்பர்வைசர் அந்தப் பக்கம் இல்லை. நான் மெதுவாக, "நாந்தானுங்க்கா" என்றேன்.

"பேரு என்னடே?"

சொன்னேன். இடுப்பில் செருகியிருந்த பேனாவை எடுத்து, துணியின் பின்பக்கம் என் பெயரை எழுதி, ஊதிக் காயவைத்து, என் கையில் கொடுத்தார். "இனிமே குப்பையில போடாத" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். எதற்கு மேலே வந்தாரோ, அதைச் செய்யாமலே போனார் என்று நினைக்கிறேன்.

தூத்துக்குடிக்காரர். நாற்பதை ஒட்டிய வயது. கீழ்த்தளத்தில் பிலிம் அறை அவருடையது. வருகிற படத்தை நிறம் நிறமாகப் பிரித்துப் பிலிம் எடுத்து, ஸ்கிரீனில் ஏற்றிக் கொடுப்பார். விரல்களில் எப்போதும் ஒரு பச்சைக் கறை. இடதுகையில் ஆண்கள் கட்டும் பெரிய வாட்ச். கணவர் இதே ஊரில் வேறொரு குடும்பத்தோடு இருந்தார். அதை ஒருமுறை, பஸ் நம்பர் சொல்வதுபோல என்னிடம் சொன்னார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுத்ததில்லை. கம்பெனியில் எல்லோருக்கும் அவர் அக்கா. முதலாளிக்கும் அக்கா.

எதைப் பார்த்தாலும் அவருக்கு ஒரே கேள்விதான். இத யாரு செஞ்சது? வாழைப்பழ வண்டியில் சீப்புகளை அடுக்கியிருக்கும் விதத்தைப் பார்த்துக் கேட்பார். ராயபுரத்தில் ஒரு வீட்டு வாசலில் கோலத்தில் ஒரேயொரு புள்ளியை வேண்டுமென்றே விட்டிருந்தார்கள் என்று கதவைத் தட்டிக் கேட்டிருக்கிறார். அந்த வீட்டம்மா, வேலை கேட்டு வந்தவர் என்று நினைத்து, "ஆளு இருக்குதுங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டாராம். சாப்பாட்டில் கல் கிடந்தால் அக்காவிடம் சொல்லிவிடாதே, செஞ்சது யாருன்னு தேடிக்கொண்டு போய்விடுவார் என்று பிரிண்டிங் பையன்கள் சிரிப்பார்கள். ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சன்டைசர் படத்தைக் கொண்டுவந்து கொடுத்தால் அவரிடமும் அதே கேள்வி.

"வெளிநாட்டுப் பையரு அனுப்புனதுங்க்கா."

"பையரு அனுப்புவாரு. வரஞ்சது யாரு?"

"அது யாருக்குங்க தெரியும்?"

"வரஞ்சவியளுக்குத் தெரியும்லா" என்பார்.

வெளிநாட்டுக்காரர்கள் மாதிரிக்காக அனுப்பும் தடித்தடியான புத்தகங்கள் எங்கள் கம்பெனியில் கிடக்கும். மற்றவர்கள் அதில் காப்பி அடிக்கத் தோதான படம் தேடுவார்கள். அக்கா அதில் பெயர்களை வாசிப்பார். டிக்‌ஷனரியை மடியில் வைத்துக்கொண்டு எழுத்துக்கூட்டி வாசிப்பார். பிறகு பிரவுசிங் சென்டருக்குப் போய் அந்தப் பெயர்களைத் தேடிப் பக்கங்களை அச்செடுத்து வருவார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் எனக்குக் காட்டுவார்.

"ஓவியர்னா பிரஷ்ஷும் கையுமா இருக்கணும்னு நெனச்சுக்கிட்டிருக்கோம் பாத்தியா. இதுல ஒருத்தரு உப்புல ஊரு கட்டுதாரு. இந்தம்மா தலைமுடியில நெய்யுதா. இவரு ஒரு கதவத் தெறந்து மூடுதத மட்டும் வீடியோ எடுத்திருக்காரு. இவிய எல்லாரும் இப்ப உசுரோட இருக்கவிய. நம்மள மாதிரி காலையில எந்திரிச்சுக் காப்பி குடிக்கிறவிய." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொல்வார். "அங்க இருக்காவன்னா இங்கயும் இருப்பாவடே. நமக்குத்தான் தெரியல."

இங்கேயும் இருந்தார்கள். எனக்கு அதுதான் ஆச்சரியம். பாத்திரத்துக்குப் பேர்போன அனுப்பர்பாளையத்துச் செம்பு ஒன்றைக் கடையில் வாங்கியவர், அதன் அடியில் சுண்டுவிரல் நகமளவுக்கு ஒரு கையின் உருவம் அடித்திருந்ததைக் கண்டுபிடித்தார். மூன்று ஞாயிற்றுக்கிழமை பட்டறை பட்டறையாக ஏறி இறங்கி, அடித்தவரைப் பிடித்துவிட்டார். அவர் மீந்த பித்தளைத் தகட்டில் கைகளை அடித்துப் பரண்மேல் போட்டு வைத்திருந்தார். நிஜமான அளவு. கூட வேலை பார்க்கிறவர்களின் கைகள். ஒன்றில் ஆள்காட்டி விரலின் நுனி இல்லை. இன்னொன்றில் இரண்டு விரல்கள் இல்லை. "சும்மா அடிக்கறதுங்க" என்றார் அவர். பிறகு காங்கேயம் ரோட்டில் கல்யாண வீடியோ எடுக்கும் பாய் ஒருவர். அவர் பழைய கேசட்டுகளிலிருந்து, பந்தியில் இடத்துக்காக நாற்காலியின் பின்னால் நிற்கிறவர்களை மட்டும் வெட்டி ஒன்றாக ஒட்டியிருந்தார். நாற்பது நிமிடம். சாப்பிடுகிறவர்கள் எழுந்திருக்கக் காத்து நிற்கும் முகங்கள், ஒன்றன்பின் ஒன்றாக. அக்கா அதை இரண்டு தடவை பார்த்தார். பாய் வெட்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு டீ வாங்கப் போய்விட்டார்.

அவர்களுடைய பெயர்களை நான் இங்கே எழுதவில்லை. அக்காவுக்கு இது பிடிக்காது. அவருடைய பெயரையும் எழுதவில்லை. ஏன் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நாங்கள் பிரிண்ட் அடித்துக் கொடுக்கும் துணி வேறொரு பெரிய கம்பெனிக்குப் போய்த் தைக்கப்படும். அங்கே செக்கிங் பெண்கள் ஒவ்வொரு சட்டையையும் விரித்துப் பார்த்து, ஓட்டையோ எண்ணெய்க் கறையோ இருந்தால் அந்த இடத்தைக் காட்டிச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். பிரிண்டில் குறை என்றால் எங்களுக்குத் திரும்பி வரும். ஒருமுறை வந்த கட்டுக்குள் ஒரு குழந்தைச் சட்டை. சிரிக்கும் குழந்தையின் முகம் அச்சடித்தது. துணியில் குறை இல்லை, அச்சிலும் இல்லை. அம்பு குழந்தையின் சிரிப்பைக் காட்டிக்கொண்டிருந்தது.

அக்கா அந்தச் சட்டையைப் பையில் போட்டுக்கொண்டு நேராக அந்தக் கம்பெனிக்குப் போனார். பிரிண்ட் புகார் சம்பந்தமாக என்று சொல்லி உள்ளே நுழைந்தார். நானும் கூடப் போயிருந்தேன். ஒட்டியவள் கணியூர்ப் பக்கத்துக் கிராமத்துப் பெண். பத்தொன்பது வயதிருக்கும். ஸ்டிக்கர் ரோலை வளையல்போல் மணிக்கட்டில் மாட்டியிருந்தாள். முடித்தால்தான் மொத்தப் பணம் என்கிற மூன்று வருட ஒப்பந்தத்தில் வந்து, கம்பெனி ஹாஸ்டலில் தங்கியிருப்பவள்.

"சிரிப்புல என்ன குறை?" என்று கேட்டார் அக்கா.

அந்தப் பெண் பயந்துவிட்டாள். சுற்றிலும் பார்த்துவிட்டு, "எல்லாக் கொழந்தையும் ஒரே மாதிரி சிரிக்குதுங்க்கா. முன்னூறு பீஸும். அது தப்புத்தானுங்களே" என்றாள்.

அக்கா சிரித்துவிட்டார். அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது குறைவு.

அவள் ஹாஸ்டலிலும் ஒட்டிக்கொண்டிருந்தாள். கிழிந்து போன ரோல், பிசின் போன ஸ்டிக்கர் என்று குப்பைக்குப் போவதை எடுத்துப் போய், மாலையில் அறைக்கு வந்ததும் ஒட்டுவாளாம். எங்கே என்று அக்கா கேட்டார். "குறை இருக்கற எடத்துலதானுங்க்கா" என்றாள்.

ஹாஸ்டலுக்குள் நாங்கள் போக முடியாது. மாதம் ஒரு ஞாயிறு பெண்களை வேனில் ஏற்றிக் கடைவீதிக்குக் கூட்டி வருவார்கள். அப்படி வந்த ஒரு நாள், வளையல் கடையில் வைத்து அக்கா அவளிடம் பிலிம் போட்ட சின்ன கேமரா ஒன்றைக் கொடுத்தார். அடுத்த மாதம் அதே கடையில் அவள் திருப்பித் தந்தாள். முப்பத்தாறு படங்கள். கழுவிக் கொடுத்த ஸ்டுடியோக்காரர், "இன்சூரன்ஸுக்கு எடுத்ததுங்களா?" என்று கேட்டார்.

சுவரில் விரிசல், அதற்கு ஓர் அம்பு. தண்ணீர் வராத குழாய்க்கு ஓர் அம்பு. தட்டில் சோறு, அதில் புழு கிடந்த இடத்துக்கு ஓர் அம்பு. கம்பி போட்ட ஜன்னலில் ஒவ்வொரு கம்பிக்கும் ஒன்று. ஊசி ஏறிய விரலுக்கு. வார்டனின் காலி நாற்காலிக்கு. சுவர்க் காலண்டரில் ஊருக்குப் போகும் நாளைத் தவிர மற்ற எல்லா நாட்களுக்கும். கடைசிப் படம் கண்ணாடியில் அவளே. முகத்தில் ஓர் அம்புகூட இல்லை. கண்ணாடியின் நடுவில் மட்டும், நுனி மடங்கி நாம் நிற்கும் பக்கம் காட்டியபடி ஒன்று.

அக்கா மேஜையில் முப்பத்தாறையும் பரப்பி வைத்துக்கொண்டு மதியச் சாப்பாட்டை மறந்துவிட்டார். "இது பெரிய ஆளுடே" என்றார். "நம்ம எல்லாத்தையும்விடப் பெரிய ஆளு."

கண்காட்சி வைக்க வேண்டும் என்று அவர் சொன்னது அதற்குப் பிறகுதான். டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் ஒன்றின் மாடி அறையை இரண்டு நாளுக்குக் கேட்டு வாங்கினார். பித்தளைக் கைகளைக் கயிற்றில் தொங்கவிட்டோம். பாயின் வீடியோவுக்கு ஒரு டிவி. என் துணிகள் ஒரு சுவரில். அந்தப் பெண்ணின் படங்கள் எதிர்ச் சுவரில். ஒவ்வொன்றின் கீழும் செய்தவர் பெயர் இருக்க வேண்டும் என்றார் அக்கா. பேப்பரில் எழுதினால் போதாது. வெள்ளைத் துணிப் பட்டையில் என் மெஷினில் அடித்துத் தரச் சொன்னார்.

அதற்கு முந்தின ஞாயிறு கடைவீதியில் அந்தப் பெண் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"எம்பேரு மட்டும் வேண்டாங்கண்ணா. அக்காகிட்ட சொன்னா கேக்க மாட்டீங்கறாங்க. நீங்க சொல்லிருங்க."

சொன்னேன். அக்கா பிலிமை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே, "பேரு இல்லாம அனுப்புத ஊர்லதான இருக்கோம்" என்றார். "பொட்டி பொட்டியா போவுது. ஒண்ணுலயாவது செஞ்சவ பேரு இருக்கட்டும்டே."

"அந்தப் புள்ள பயப்படுதுங்க்கா."

"மொதல்ல அப்படித்தான் இருக்கும். நீயும்தான் பயந்த. இப்ப எப்படி இருக்கு?"

எனக்கு நன்றாகத்தான் இருந்தது. என் பெயரைத் துணியில் பார்க்க ஆசையாகவும் இருந்தது. அன்றைக்கு நான், முடியாதுங்க்கா, அவள் பெயரை அடிக்க மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். அடிக்கிறவன் நான்தானே. நான் சொல்லவில்லை. மற்ற மூன்று பெயர்களையும்விட அவள் பெயரைக் கொஞ்சம் பெரிதாகவே அடித்தேன். நல்ல கறுப்பு நூலில்.

இரண்டு நாளில் முப்பது நாற்பது பேர் வந்திருப்பார்கள். பாதிப்பேர் டைப்ரைட்டிங் படிக்க வந்த பெண்கள். பித்தளைக்காரர் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வாசலிலேயே நின்றார், உள்ளே வரக் கூச்சம். சென்னையிலிருந்து ஓர் அம்மா வந்தார். அவரே ஓவியர் என்றார். ஏதோ வேலைக்காகத் துணி தேடித் திருப்பூர் வந்தவர். அம்புப் படங்களுக்கு முன்னால் ரொம்ப நேரம் நின்று, டிஜிட்டல் கேமராவில் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டார். இந்த ஸ்டிக்கர் எங்கே கிடைக்கும் என்று கேட்டார். நானே ஒரு ரோல் கொடுத்தேன். அக்கா அந்தப் பெண்ணின் பெயரை இங்கிலீஷில் எழுத்து எழுத்தாக ஒரு சீட்டில் எழுதி அவர் கையில் கொடுத்தார்.

"பாத்தியாடே, தெரிஞ்சவிய பாக்காவ" என்று அன்று முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஞாயிறு மதியம் இன்னொருவரும் வந்தார். கீழே போர்டைப் பார்த்துவிட்டு ஏறி வந்தவர். அந்தப் பெண்ணின் கம்பெனியில் ஆட்களைக் கவனிக்கும் அதிகாரி என்று எங்களுக்கு அப்போது தெரியாது. குழாய், ஜன்னல், புழு எல்லாவற்றையும் பார்த்தார். குனிந்து பெயரைப் படித்தார். வருகைப் பதிவேட்டை நீட்டினேன். சிரித்துக்கொண்டே வேண்டாமென்று தலையை ஆட்டிவிட்டு இறங்கிப் போனார்.

செவ்வாய்க்கிழமை அவள் வேலையில் இல்லை.

அக்கா நான்கு நாள் அந்தக் கம்பெனி கேட்டில் போய் நின்றார். "வயித்துவலின்னு ஊட்டுக்குப் போயிருச்சுங்க" என்று வாட்ச்மேன் நான்கு நாளும் சொன்னார். ஒப்பந்தம் முடிய இன்னும் நான்கு மாதம் இருந்தது. அடுத்த முறை பெண்கள் கடைவீதிக்கு வந்தபோது அக்காவைப் பார்த்து எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஒருத்தி மட்டும் வளையல் பார்ப்பதுபோல் பக்கத்தில் வந்து நின்று, திரும்பாமலே சொன்னாள்.

"அவங்கப்பாவ வரச் சொன்னாங்க. அவரு பாத்துட்டு நிக்க, ஒட்டுனது எல்லாத்தையும் அவளையே உரிக்க வெச்சாங்க. செவுத்துல இருந்தது சுலுவா வரலீங்க. நகம் பேந்துருச்சு. அந்த ரத்தம் செவுத்துல பட்டதுக்கும் அவளையே தொடைக்கச் சொன்னாங்க."

அக்கா கையில் இருந்த வளையலை வைத்துவிட்டு நின்றார். கடைக்காரர், "எடுக்கறீங்களா?" என்று கேட்டார். இரண்டு முறை கேட்டார்.

அதற்குப் பிறகு கண்காட்சி என்ற பேச்சே இல்லை. பித்தளைக்காரர் ஒருமுறை புதிதாக அடித்த கையைக் கொண்டுவந்து காட்டினார். அக்கா தடவிப் பார்த்துவிட்டு, "பரண்லயே வைங்க. பத்திரமா இருக்கும்" என்றார். அவர் முகம் விழுந்துவிட்டது. தெருவில் எதையாவது பார்த்து நிற்பது மட்டும் விடவில்லை. நிற்பார், வாயைத் திறப்பார், பிறகு நடந்துவிடுவார்.

இரண்டு வருடம் போனது. ஒரு மதியம் பாய் போன் செய்து, உடனே பிரவுசிங் சென்டருக்கு வரச் சொன்னார். நானும் அக்காவும் போனோம். திரையில் ஏதோ பெரிய ஊரில் நடந்த கண்காட்சி. ஒரு பெரிய வெள்ளை அறை. சுவரில் வேண்டுமென்றே உண்டாக்கிய விரிசல்கள். ஒரு குழாய். ஒரு காலி நாற்காலி. ஒரு கண்ணாடி. எல்லாவற்றிலும் சிவப்பு அம்புகள். கீழே அந்தச் சென்னை அம்மாவின் பெயர். திருப்பூர்த் தொழிலாளர்களின் வாழ்க்கை தன்னை மிகவும் பாதித்ததாக ஒரு பத்தி எழுதியிருந்தார். அந்தப் பெண்ணின் பெயர் எங்கேயும் இல்லை. அக்கா மேலும் கீழும் மூன்று முறை தேடினார்.

"எழுதிக் குடுத்தேனே" என்றார். "இங்கிலீஷ்ல எழுதிக் குடுத்தேனேடே."

பாய் உதவியோடு அவருக்கு மெயில் அனுப்பினோம். பத்து நாள் கழித்துப் பதில் வந்தது. மரியாதையாகத்தான் எழுதியிருந்தார். ஸ்டிக்கர் எல்லாக் கம்பெனியிலும் இருப்பது, யாருக்கும் சொந்தமானது அல்ல. இதில் யாருக்காவது பங்கு இருப்பதாகத் தோன்றினால் அந்தப் பெண்ணே தனக்கு எழுதட்டும், பேசலாம் என்றிருந்தது.

"அவ எழுதுவா" என்றார் அக்கா. ரொம்ப நாளைக்குப் பிறகு அவர் குரலில் பழைய வேகம் வந்திருந்தது. "ஒரு வரி எழுதுனா போதும். நாந்தான் செஞ்சேன்னு ஒரே ஒரு வரி."

செக்கிங் பெண்களிடம் விசாரித்து, கணியூரில் அவளைக் கட்டிக்கொடுத்திருப்பதாகத் தெரிந்துகொண்டேன். ஒரு ஞாயிறு இருவரும் பல்லடம், உடுமலை என்று பஸ் மாறிப் போனோம். தென்னந்தோப்பை ஒட்டி ஓட்டு வீடு. மாமியார் வாசலில் தேங்காய் நார் காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

"வாங்க, வாங்க. வெய்யில்ல வந்திருக்கறீங்க. மோரு குடிங்க மொதல்ல."

யார், எவர் என்று கேட்பதற்கு முன்னால் மோர் வந்துவிட்டது. அவள்தான் கொண்டுவந்தாள். இடுப்பில் குழந்தை. எங்களைப் பார்த்ததும் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். அக்கா எதையும் கவனிக்காமல் பையிலிருந்து அச்செடுத்த பக்கங்களை எடுத்து அவள் முன்னால் விரித்தார்.

"இதப் பாரு. யாரு பேரு போட்டிருக்கு பாரு. ஒட்டுனது நீதான? ஒரு வரி எழுதிக் குடு புள்ள. மிச்சத்த நான் பாத்துக்கிடுதேன்."

அவள் படத்தைப் பார்த்தாள். கண் அந்த நாற்காலியில் நின்றது, பிறகு கண்ணாடியில். ஒவ்வொன்றாகப் பார்த்தாள் என்பது எனக்குத் தெரியும்.

"என்னதுங்க அது?" என்றார் மாமியார்.

"எனக்குத் தெரியலீங்க அத்தே."

"ஏ புள்ள..." என்றார் அக்கா.

"நா இல்லீங்க. நீங்க ஆளு மாறி வந்திருக்கறீங்க."

மாமியார் சிரித்தார். "பனியன் கம்பெனி சமாச்சாரமாட்ட இருக்குது. எம்மருமவ அந்தப் பக்கமே போனதில்லீங்க. பன்னெண்டாவது முடிச்சு ஊட்லயே இருந்த புள்ள. ஆஸ்டல்ல கெடந்த புள்ளைகள நாங்க எடுக்கறதில்லைன்னு சொல்லித்தான் கட்டுனோம்."

அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். குழந்தையின் முதுகைத் தட்டிக்கொடுத்த கை நிற்கவே இல்லை. அந்தக் கையில் இரண்டு விரல்களின் நகம் கோணலாக வளர்ந்திருந்தது.

அக்கா பக்கங்களைச் சேர்த்தார். நான்காக மடித்தார். மடிப்பு சரியாக விழவில்லை.

"ஆமாம்மா. ஆளு மாறிட்டு" என்றார் மாமியாரிடம். "அந்தப் புள்ள வேற. இதப் பாத்தா அந்தச் சாடையா இருந்துது. மன்னிச்சிக்கிடுங்க."

மோரை முழுக்கக் குடித்துவிட்டுத்தான் எழுந்தார். குழந்தை பையனா பெண்ணா என்று கேட்டார். பையன் என்றாள் அவள். வாசல் தாண்டும்போது நான் திரும்பிப் பார்த்தேன். அவள் உள்ளே போய்விட்டிருந்தாள்.

திரும்பும் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. உடுமலை தாண்டியதும் அக்கா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அது வேண்டாம்னு சொல்லிச்சுல்லா. நீயும் வந்து சொன்ன. கேட்டுருக்கலாம்டே."

எனக்கும்தான் பங்கு இருக்கிறது என்று சொல்ல நினைத்தேன். அந்தப் பெயரை அடித்தது நான் என்று அவருக்குத் தெரியும். இருந்தும் நான் வாய்விட்டுச் சொல்லியிருக்க வேண்டும். பல்லடத்தில் இறங்கி டீ குடித்தோம். அப்போதும் சொல்லவில்லை.

அடுத்த வருடம் ஆர்டர்கள் குறைந்தன. அமெரிக்காவில் ஏதோ பேங்க் கவிழ்ந்ததில் இங்கே ஷிஃப்டுகள் நின்றன. கீழ்த்தளத்தை முதலாளி மூடினார். அக்கா தூத்துக்குடியில் தங்கை வீட்டுக்குப் போனார். போகும்போது என் தோளைத் தட்டி, "சாப்பாட்ட நேரத்துக்குச் சாப்பிடு" என்றார். அவ்வளவுதான். ஓராண்டுகூட ஆகவில்லை. காய்ச்சல் என்று படுத்தவர் ஐந்தாம் நாள் ஆஸ்பத்திரியில் போய்விட்டார். எனக்குத் தகவல் வந்தபோது அடக்கம் முடிந்திருந்தது. நானும் பாயும் போனோம். பித்தளைக்காரருக்குச் சொல்லியும் வரவில்லை. கல்லறையில் மண் இன்னும் ஈரமாக இருந்தது. தங்கை எங்களுக்கு டீ கொடுத்துவிட்டுக் கேட்டார்.

"எங்கக்கா திருப்பூர்ல என்ன வேல பாத்தா? வந்து ஒரு வார்த்த சொன்னதில்ல."

"பிலிம் எடுத்தாங்க" என்றேன்.

"வேற?"

பாய் என்னைப் பார்த்தார். "வேற ஒண்ணும் இல்லீங்க" என்றேன்.

மூன்று மாதம் கழித்து ஒரு நாள் முற்பகல், தெரியாத எண்ணிலிருந்து போன். மெஷின் சத்தத்தில் கேட்காமல் படிக்கட்டுக்கு வந்தேன்.

"அண்ணா, நாந்தானுங்க. கணியூருங்க." குரல் தாழ்வாக இருந்தது. "எல்லாரும் கலியாணத்துக்குப் போயிட்டாங்க. அதான் கூப்புட்டேன். அக்கா நம்பருக்கு அடிச்சா போகவே மாட்டீங்குது. செக்கிங் புள்ளைககிட்டத்தான் உங்க நம்பர வாங்குனனுங்க."

"ம்" என்றேன்.

"அன்னிக்கு அக்கா மூஞ்சியப் பாக்க முடியலீங்கண்ணா. அத்தே இருந்தாங்க, என்ன பண்றது? அக்காகிட்ட ஒண்ணு சொல்லிருங்க. அது நாந்தான் செஞ்சேன்னு. அவங்களுக்குத் தெரியுமுங்க. இருந்தாலும் எவ்வாயால சொல்லணும்ல."

தூத்துக்குடி போய் வந்ததைச் சொல்ல வாயைத் திறந்தேன். அங்கே குழந்தை ஏதோ கேட்டது. அவள் "இரு கண்ணு" என்றாள்.

"சொல்லிர்றேன் கண்ணு" என்றேன் நான்.

"இன்னிக்கே சொல்லிருவீங்களா?"

"இன்னிக்கே சொல்லிர்றேன்."

"அக்கா என்ன சொன்னாங்கன்னு கேக்கறக்கு இன்னொரு நாளு கூப்புடறனுங்க" என்றாள். குரல் தெளிந்திருந்தது, கொஞ்சம் சிரித்தாள்கூட.

அடுத்த மாதம் கூப்பிட்டாள். அதே எண். மணி அடித்து ஓயும்வரை கையில் வைத்துக்கொண்டு நின்றேன். நான் எடுக்கவில்லை.